தாழை சொன்ன ஐந்து நாவல்கள்

நீங்க வாசிங்க சார். நான் பேச்சுக் கொடுக்கல. கையில நாவல் மாதிரித் தெரிஞ்சுது, அதான் எட்டிப் பாத்துட்டேன். பஸ்ஸுல யாரு என்ன வாசிச்சாலும் அட்டையப் பாக்காம எனக்கு இருக்க முடியாது.

திருநெல்வேலிக்கா? நானும் அங்கதான், பாளையங்கோட்டை. கோயம்புத்தூர் சிங்காநல்லூர்லயே ஏறிட்டேன். ஜன்னல் பக்கம் வேணும்னா சொல்லுங்க, மாறிக்கிடலாம். எனக்கு வெளிய ஒண்ணும் பாக்கணும்னு இல்ல.

எம்பேரு ஞானதிரவியம். டெலிபோன் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தேன். ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆகுது. ஆன கையோட ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சேன். 'மாதம் ஒரு நாவல்'. நாப்பத்தாறு பேரு இருந்தாங்க. யாராவது ஒருத்தர் ஒரு நாவலப் பரிந்துரைக்கணும், எல்லாரும் வாசிக்கணும். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் மதிப்புரை போடுவேன். நான் போட்டதுக்கப்புறம் மத்தவங்க எழுதலாம். எட்டு விதி வச்சிருந்தேன். காலை வணக்கம் கூடாது, அரசியல் கூடாது, சொந்தப் பேர்லதான் இருக்கணும், இப்படி எட்டு. விதி இல்லன்னா அது சந்தை மாதிரி ஆயிரும் பாத்துக்கிடுங்க.

போன ஆகஸ்ட்ல ஒரு புது நம்பர் உள்ள வந்துச்சு. பேரு 'தாழை'ன்னு போட்டிருந்துச்சு. படத்துல ஆளு இல்ல, ஒரு டீ டம்ளர். வந்த மறுநாளே, 'வணக்கம் சார், இந்த மாதத்துக்கு நான் ஒரு நாவலைப் பரிந்துரைக்கலாமா?'ன்னு கேட்டுச்சு. எனக்குச் சந்தோஷம். நம்ம ஆட்கள் வாசிப்பாங்க, ஆனா பரிந்துரை பண்ணுங்கன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. சொந்தப் பேரு இல்லியேன்னு ஒரு உறுத்தல் இருந்துச்சு. இருக்கட்டும், அப்புறம் கேட்டுக்கிடலாம்னு விட்டுட்டேன். அது என் தப்புதான். விதியத் தளர்த்தியிருக்கக் கூடாது.

அது எம்மக சார். பியூலா. எங்களுக்கு ஒரே மக. கோயம்புத்தூர்ல பிசியோதெரபிஸ்டா இருக்கா, முப்பத்திரண்டு வயசு. தாழை அவதான்னு எனக்கு ஜனவரி வரைக்கும் தெரியாது. இத இப்பவே சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் ஒளிச்சு வச்சுப் பட்டுன்னு எடுத்துக் காட்டுத உத்தி எனக்குப் பிடிக்காது. குரூப்லயே பல தடவ எழுதியிருக்கேன்.

மொத நாவல் 'ஆறாம் நம்பர் லயன்'. வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வரிசை வீடுகள்ல நடக்கிற கதை, லயன்னுதான் அங்க சொல்லுவாங்க. தேயிலை கிள்ளுத ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தியப் புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், இன்னொருத்தி கட்டிக்கிடவே இல்ல. முப்பது வருஷம் ஒரே வீட்டுல இருக்காங்க. சிநேகிதம்னு நெனச்சுத்தான் நான் வாசிச்சுக்கிட்டே போறேன். நூத்திப்பத்தாம் பக்கத்துலதான் அது சிநேகிதம் மட்டும் இல்லன்னு தெரியுது. நான் எழுதின வரி அப்படியே ஞாபகம் இருக்கு. 'மலைவாழ்வின் ஈரத்தை இத்தனை நுட்பமாகச் சொன்ன ஆசிரியர், இவ்விருவரையும் தோழிகளாகவே விட்டிருக்கலாம். கதைக்கு எந்த நட்டமும் வந்திருக்காது.'

உடனே தாழை கேட்டா. 'எந்த நட்டமும் வந்திருக்காதா சார்?'

'வந்திருக்காது. யோசித்துப் பாருங்கள்'னு போட்டேன்.

'யோசிக்கிறேன் சார்'னு வந்துச்சு.

பியூலா எங்கிட்ட ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசுவா. நாங்க ஆலயத்துக்குப் போயிட்டு வந்து காப்பி குடிக்கிற நேரத்துக்குச் சரியா போன் வரும். மொதல்ல அவ அம்மாட்ட, அப்புறம் எங்கிட்ட. எங்கிட்டப் பேசுதப்ப வழக்கமா முழங்கால் வலிய விசாரிப்பா, மாத்திரைய விசாரிப்பா. அந்த ஆகஸ்டுக்கு அப்புறம், 'என்னப்பா வாசிக்கீங்க?'ன்னு கேக்க ஆரம்பிச்சா. எனக்கு அது பெருமையா இருந்துச்சு. தாழைன்னு ஒரு ஆளு வந்திருக்கு, கெட்டிக்கார ஆளுதான், ஆனா இலக்கியத்தையும் வக்கீல் வேலையையும் போட்டுக் குழப்பிக்கிடுதுன்னு சொன்னேன். 'அவங்க என்னப்பா கேட்டாங்க?'ன்னா. சொன்னேன். 'நீங்க என்ன பதில் போட்டீங்க?'ன்னா. போன்லயே வாசிச்சுக் காட்டினேன். அவளுக்கே சார். முழுசாக் கேட்டுட்டு, 'சரிப்பா, முழங்காலப் பாத்துக்கோங்க'ன்னு வச்சுட்டா.

செப்டம்பர்ல 'ஈரத் துண்டு'. ரெண்டு கபடிக்காரங்க. ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆயிருது, ஆனாலும் விட முடியல. பொண்டாட்டிக்குத் தெரியுது. அவ பொறந்த வீட்டுக்குப் போயிருதா, இவனுங்க ரெண்டு பேரும் ஊர விட்டுப் போறானுங்க. அவ்வளவுதான். நான் அந்தப் பொண்ணு பக்கம் நின்னு எழுதினேன். 'குற்றம் செய்தவர்கள் தண்டனை பெறாமலேயே நாவல் முடிந்துவிடுகிறது'ன்னு. தாழை, 'எது குற்றம் சார்?'னு கேட்டுச்சு. 'மனைவியை ஏமாற்றியது'ன்னேன். 'அது மட்டும்தானே சார்?'னு அடுத்த கேள்வி. அதுக்கு நான் பதில் போடல. சில கேள்விக்குப் பதில் போட்டா அது இழுத்துக்கிட்டே போயிரும்.

நீங்க கேக்கலாம், ரெண்டாவதும் அதே மாதிரி நாவல்னு தெரிஞ்சும் மூணாவது மாசமும் ஏன் அதே ஆளோட பரிந்துரைய எடுத்தேன்னு. உண்மையச் சொல்லணும்னா குரூப் அப்பத்தான் உயிரா இருந்துச்சு. அதுக்கு முன்னால ஒரு நாவலுக்கு அஞ்சு பதிவு வந்தா அதிகம். தாழை வந்த பிறகு நூறு, நூத்திருபது. மெடிக்கல் ஷாப் வச்சிருக்க கோமதின்னு ஒரு அம்மா, ஒரு வருஷமா ஒரு எழுத்து எழுதினதில்ல, அவங்களே எழுத ஆரம்பிச்சாங்க. ஜனங்க என் மதிப்புரைக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. நாவல்களும் மட்டமான நாவல் இல்ல சார். அத நான் என்னைக்கும் மறுத்ததில்ல. நடை நல்லாருக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதியிருக்கேன்.

மூணாவது 'அக்கரைச் சீட்டு'. படகுத்துறையில டிக்கெட் கிழிக்கிற ஒருத்தன். வாலிபத்துல ஒரு பொண்ண விரும்பிக் கட்டினான், அவ செத்துப் போனா. பத்து வருஷம் கழிச்சு அவனுக்கு ஒரு படகுக்காரன் மேல பிரியம் வருது. ரெண்டுமே நெசமான பிரியந்தான், எழுதினவரு அப்படித்தான் எழுதியிருக்காரு. அதுதான் எனக்குப் பிடிபடல. 'இவன் யார் என்பதில் ஆசிரியருக்கே தெளிவில்லை. ஏதாவது ஒரு கரையில் அவனை இறக்கிவிட்டிருக்க வேண்டும்'னு எழுதினேன். அந்தக் கடைசி வரிக்குப் பதினாறு பேரு கைதட்டு போட்டாங்க. தாழை போட்ட பதில், 'அவன் இரண்டு பேரையும் நேசித்தான் சார். அதில் தெளிவில்லாதது எது?' அதுக்குக் கோமதியம்மா ஒரு இதயம் போட்டாங்க. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

வீட்டுல எம்பொண்டாட்டி லில்லி புஷ்பம், அவ வேதப் புஸ்தகத்தத் தவிர வேற எதையும் எடுத்து வாசிச்சு நான் பாத்ததில்ல. அந்த மாசங்கள்ல நான் முடிச்சு அலமாரியில வச்ச நாவல் இடம் மாறி இருக்கும். தூசி தட்டியிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன்.

நவம்பர்ல நாலாவது. 'மெழுகுத் துணி'. மலையாளத்துல இருந்து வந்தது. இதுல ஒரு மக வீட்டுக்கு வந்து அம்மாட்டச் சொல்லுதா. இன்ன பொண்ணோட இருக்கேன், அவளோடதான் இருப்பேன்னு. அம்மா ஒரு வார்த்த பேசல. அன்னையில இருந்து சாகுத வரைக்கும், பதினாலு வருஷம், மகட்ட ஒரு வார்த்த பேசல. மக வருவா, அம்மா சாப்பாடு போடுவா, பேச மாட்டா. நான் அந்த நாவலுக்குத்தான் ரொம்ப நீளமா எழுதினேன். ஒரு வாரம் எழுதினேன். 'வசையோ அடியோ இன்றித் தன் துயரத்தை மௌனமாகவே சுமந்த அந்தத் தாயே இந்த நாவலின் பெரும் பாத்திரம். அவளுக்கு என் வணக்கம்'னு முடிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி வரைக்கும் தாழைட்ட இருந்து ஒண்ணும் வரல. மறுநாக் காலையில வந்துச்சு. 'சார், அந்த அம்மா இடத்தில் நீங்கள் இருந்தால்?'

நான் பல்லு விளக்கிட்டு வந்து உக்காந்து பதில் போட்டேன். 'நானும் அதையே செய்திருப்பேன்.'

மூணே வார்த்த. யோசிச்சுப் போட்டதில்ல. யோசிச்சிருந்தா என்ன போட்டிருப்பேன்னு நீங்க கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல.

தாராபுரம் வந்துட்டா? இல்ல, இன்னும் இருக்கு போல.

டிசம்பர்ல தாழை அஞ்சாவது நாவலச் சொன்னா. 'சனிக்கிழமைச் சாப்பாடு'. நான் கடைசிப் பக்கம் ரெண்டு மூணப் புரட்டிப் பாத்தேன், கதைன்னு ஒண்ணும் இருக்க மாதிரித் தெரியல. எடுக்கவா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கையில குரூப்ல ஒரு சண்ட. எங்க குரூப்ல ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் உண்டு. அவரு போட்டாரு, 'அஞ்சு மாதமாக ஒரே குப்பை. இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறந்துவிட்டால், பிறக்கவே இல்லை என்று பெற்றவர்கள் தலைமுழுகிவிட வேண்டியதுதான்'னு. கோமதியம்மா கோவமா ஏதோ எழுதினாங்க. அவரு திருப்பி எழுதினாரு.

நான் ஒண்ணும் எழுதல சார். அவரு போட்டதுக்குக் கட்டைவிரல் மட்டும் போட்டேன். பாத்துட்டேன்னு அர்த்தத்துல. அட்மின்னா பாத்தேன்னு காட்டணுமில்ல.

அப்புறம், சண்டைய நிறுத்தணும்னு, நாலாவது விதிப்படி சொந்தப் பேர்ல இல்லாத உறுப்பினர நீக்குதேன்னு ஒரு அறிவிப்பு போட்டுட்டுத் தாழைய எடுத்துட்டேன். விதிப்படிதான் எடுத்தேன். அந்த நாவலுக்காக எடுக்கல. இதக் குரூப்லயும் தெளிவாச் சொன்னேன்.

அந்த ஞாயித்துக்கிழமை பியூலா எங்கிட்டப் பேசல. அவ அம்மாட்டப் பேசிட்டு வச்சுட்டா. வேல ஜாஸ்தியாம்னு லில்லி சொன்னா. அடுத்த ஞாயிறும் அப்படியே. கிறிஸ்துமஸ்க்கு வரல. லீவு கிடைக்கலையாம். கேக்கு மட்டும் கூரியர்ல வந்துச்சு. நான் நம்பினேன். ஆஸ்பத்திரின்னா அப்படித்தானேன்னு நெனச்சேன்.

ஜனவரியில, பொங்கல் கழிஞ்சு ஒரு செவ்வாக்கிழமை. லில்லி மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. அவ போன் அடுப்படி மேடையில அடிக்குது. எடுத்துப் பாத்தேன். 'பியூலா 2'ன்னு போட்டிருக்கு, கீழ நம்பர். எனக்கு நம்பர் மறக்காது சார். அந்தக் காலத்துல பாளையங்கோட்டையில பாதிப் பேரு நம்பர் மனப்பாடம். அந்த நம்பர நான்தான் டிசம்பர்ல குரூப்ல இருந்து எடுத்தேன். கடைசி நாலு எண்ணு நாலு, நாலு, ஏழு, ஒண்ணு.

அடிச்சு முடியுத வரைக்கும் கையிலயே வச்சுக்கிட்டு நின்னேன். எடுக்கல.

லில்லி கீழ வந்தா. எங்கையில போனப் பாத்தா. கையத் துடைச்சா.

"உனக்கு எப்பத் தெரியும்?"னு கேட்டேன்.

"மொத நாள்ல இருந்து தெரியும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நேர்ல சொன்னா அப்பா சத்தம் போடுவாங்க, புத்தகம்னா யோசிச்சு எழுதுவாங்க, என்ன நெனைக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சிரும்னு சொன்னா. நீங்க ஒவ்வொரு மாசமும் எழுதுவீங்க. அத அவ எனக்கு அனுப்பி வைப்பா, நான் வாசிப்பேன். அவளும் வாசிப்பா. ரெண்டு பேரும் போன்ல பேசாம இருப்போம்."

"அப்ப, அவ…"

"ஆமா. ஏழு வருஷமா. அந்தப் பொண்ணு பேரு தமயந்தி. நம்ம வீட்டுக்கு ரெண்டு தடவ வந்திருக்கு. நீங்க அதுக்கு உங்க கட்டுரைத் தொகுப்ப வாசிச்சுக் காட்டினீங்க."

அது வந்தது ஞாபகம் இருந்துச்சு. பொள்ளாச்சிப் பக்கத்துப் பொண்ணு, லேப்ல வேல. அமைதியா உக்காந்து முழுசாக் கேட்டுச்சு. பியூலாவுக்கு நல்ல சிநேகிதி கிடைச்சிருக்கான்னு நானே சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு முந்தி ஒரு பையனோட நிச்சயமாகி நின்னு போச்சாம். அவன் மேலயும் பிரியமாத்தான் இருந்துச்சாம். லில்லிதான் சொன்னா. பியூலா 'அக்கரைச் சீட்டு' அதனாலதான் சொல்லியிருக்கா போல. அப்பவும் எனக்கு ஓடினது என்ன தெரியுமா, அந்த நாவலுக்கு நான் எழுதினத இன்னொரு தடவ எடுத்துப் பாக்கணும்னு.

"நீ அஞ்சையும் வாசிச்சியா?"னு லில்லிட்டக் கேட்டேன்.

"வாசிச்சேன்."

"எது நல்லாருந்துச்சு?"

அவ என்னப் பாத்தா பாருங்க, ஒரு பார்வ. "கடைசிதான். நீங்க வாசிக்காதது"ன்னு சொல்லிட்டுத் துணிக்கூடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

எனக்குக் கோவம் வரல சார். வரும்னு உக்காந்து பாத்தேன். அழுகையும் வரல. மத்தியானம் சாப்பிட்டேன். சாயங்காலம் செடிக்குத் தண்ணி விட்டேன். போன எடுத்து ஆகஸ்ட்ல இருந்து நான் போட்டதையெல்லாம் முதல்ல இருந்து வாசிச்சேன். யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. ஒரு இடத்துல எழுத்துப் பிழை இருந்துச்சு, 'துயரம்'ங்கிறதுல ர மாறியிருந்துச்சு. அதத்தான் கவனிச்சேன். பல்லுக்கு ஊசி போட்டா கன்னத்தத் தொட்டா அது நம்ம கன்னம் மாதிரியே இருக்காதில்ல. அப்படித்தான் இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு, ஒண்ணும் மாறல.

ரெண்டு நாள் கழிச்சு அந்த நம்பருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். என்ன எழுதுறதுன்னு தெரியல. 'அன்பு வாசகர் தாழை அவர்களுக்கு, தங்கள் நீக்கம் ரத்து செய்யப்படுகிறது. கீழ்க்கண்ட இணைப்பின் வழியாக மீண்டும் குழுவில் இணையலாம்.' இணைப்பையும் போட்டேன். நீல டிக் வந்துச்சு. இணையல.

ராத்திரி லில்லி கேட்டா, "லிங்க் அனுப்புனீங்களாமே."

"ஆமா."

"அவ உங்க மக."

"தெரியும்."

"தெரியலங்க உங்களுக்கு"ன்னா. சண்ட போடுத குரல் இல்ல. குழம்புக்கு உப்பு பத்தலன்னு சொல்லுத மாதிரிச் சொன்னா.

பிப்ரவரி மொத வாரம் அவ பையக் கட்டினா. "நான் கோயம்புத்தூருக்குப் போறேன். கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன். நீங்க வாரதுன்னா வாங்க. வாரதுக்கு முன்னால அந்த அஞ்சாவது புத்தகத்த வாசிச்சிட்டு வாங்க"ன்னா. ரயில் ஏத்தி விட்டுட்டு வந்தேன். வீட்டுல நான் மட்டும்.

வாசிச்சேன். 'சனிக்கிழமைச் சாப்பாடு'. நான் நெனச்ச மாதிரியே அதுல கதை இல்ல. ரெண்டு பொண்ணுங்க ஒரு வீட்டுல இருக்காங்க. வேலைக்குப் போறாங்க. ஒருத்திக்குக் காய்ச்சல் வருது, சரியாகுது. மிக்ஸி ரிப்பேர் ஆகுது. சனிக்கிழமையானா யாரையாவது சாப்பிடக் கூப்பிடுதாங்க. யாரும் சாகல, யாரும் ஊர விட்டு ஓடல, யாரும் யாரையும் ஒதுக்கல. இருநூத்திப்பத்துப் பக்கம் இப்படியே போகுது. நான் ஒவ்வொரு பக்கமும் இப்ப ஏதாவது நடக்கும், இப்ப நடக்கும்னு பாத்துக்கிட்டே வாசிச்சேன். ஒண்ணும் நடக்கல. முடிச்சதும் மறுபடி ஒருக்க வாசிச்சேன். அப்புறம் நாலு பக்கம் எழுதினேன், முழுத்தாள்ல, பேனாவால. குரூப்ல போடுததுக்கு இல்ல. அவளுக்கு. நிகழ்வின்மையையே அழகியலாக்கியிருக்கிறார் ஆசிரியர்னு ஆரம்பிச்சேன். நல்லா வந்திருந்துச்சு சார். நான் எழுதினதுல அதுதான் நல்லது.

அத எடுத்துக்கிட்டு முந்தாநேத்துக் காலையில கோயம்புத்தூருக்கு வந்தேன்.

கதவத் தொறந்தது அந்தப் பொண்ணுதான், தமயந்தி. "வாங்கப்பா"ன்னுச்சு. அப்பான்னு கூப்பிட்டது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பைய வாங்கி உள்ள வச்சுது. தண்ணி கொண்டாந்துச்சு. வீடு சின்ன வீடு, சுத்தமா இருந்துச்சு. லில்லி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "வந்துட்டீங்களா"ன்னா. அவ அங்க அவ வீட்டுல இருக்க மாதிரியே இருந்தா. எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு தெரியுது அவளுக்கு.

பியூலா ஒரு மணிக்கு வந்தா. கொஞ்சம் மெலிஞ்சிருந்தா. "எப்பப்பா வந்தீங்க, பஸ்ஸுல உக்கார இடம் கிடைச்சுதா?"ன்னு கேட்டா. கிடைச்சுதுன்னேன். சாப்பிட்டோம். எல்லாரும் பேசினாங்க. கோயம்புத்தூர்த் தண்ணியப் பத்தி, மேல்வீட்டுக்காரங்களப் பத்தி. சாப்பிட்டு முடிச்சதும் தமயந்தி, "எனக்கு டியூட்டி இருக்குங்க, போயிட்டு வந்தர்றேனுங்க"ன்னு கிளம்பிருச்சு. லில்லி பாத்திரம் கழுவப் போயிட்டா. எங்களத் தனியா விடணும்னு ஏற்கெனவே பேசி வச்சிருப்பாங்க போல.

நான் அந்த நாலு தாளையும் எடுத்து நீட்டினேன்.

அவ நின்னுக்கிட்டே வாசிச்சா. நாலு பக்கத்தையும் அவசரப்படாம வாசிச்சா. நான் அவ முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். இந்த மாதிரி என் எழுத்த ஒருத்தர் வாசிக்கையில முகத்தப் பாத்தது அதுதான் மொத தடவ. குரூப்ல முகம் தெரியாதில்ல.

மடிச்சு வச்சா. "எழுத்து அழகா இருக்குப்பா."

"சரியா எழுதியிருக்கேனா?"

"புத்தகத்தப் பத்தி நல்லா எழுதியிருக்கீங்க."

"புத்தகத்தப் பத்தித்தானம்மா எழுதணும்."

"ஆமாப்பா"ன்னா.

அடுப்படியில தண்ணி விழுத சத்தம் கேட்டுச்சு. நான் ஏதாவது சொல்லணும்னு எனக்குத் தெரியுது. வார வழியெல்லாம் நெனச்சுக்கிட்டு வந்திருந்தேன். அந்த நவம்பர்ல போட்ட பதிலச் சொல்லணும், அந்தக் கட்டைவிரலச் சொல்லணும். வாய் வரைக்கும் வந்துச்சு. அங்கயே நின்னுருச்சு. அதுக்குப் பதிலா நான் கேட்டது என்ன தெரியுமா? "சொந்தப் பேர்லயே வந்திருக்கலாமேம்மா"ன்னேன்.

அவ கோவப்படல. "வந்திருந்தா நீங்க அப்படி எழுதியிருக்க மாட்டீங்க"ன்னா.

"அதத்தான் சொல்லுதேன்."

"நானும் அதத்தான்ப்பா சொல்லுதேன்."

அப்புறம் கீழ உக்காந்து என் முழங்காலப் பிடிச்சுப் பாத்தா. அமுக்கிப் பாத்தா, மடக்கி நீட்டச் சொன்னா. "தினம் பண்ணுதீங்களா அந்தப் பயிற்சிய?"ன்னா. இல்லன்னேன். திரும்பவும் சொல்லிக் கொடுத்தா. பத்துத் தடவ எண்ணினா. ஆஸ்பத்திரியில வார எல்லாருக்கும் இப்படித்தான் எண்ணுவா போல, அதே மாதிரி நிதானமா எண்ணினா. அவ தலைய நான் மேல இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். வகிட்டுப் பக்கத்துல நாலஞ்சு நரை இருந்துச்சு. நான் பாத்ததில்ல அத. கைய வைக்கணும்னு தோணுச்சு. வைக்கல.

அந்த ரெண்டு நாள்ல அதுக்கப்புறம் அதப் பத்தி யாரும் பேசல. நேத்து சாயங்காலம் எல்லாரும் காய்கறி வாங்கப் போனோம். தமயந்தி எனக்காக மெதுவா நடந்துச்சு. இன்னைக்குக் காலையில கிளம்பையில லில்லிட்ட, "வாரியா?"ன்னு கேட்டேன். "நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன். நீங்க போங்க, அரிசி பானைக்குப் பின்னால டப்பாவுல இருக்கு"ன்னா.

பியூலா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா. சீட்டுல உக்கார வச்சு, தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தா. வண்டி எடுக்கப் போகுது. எனக்கு வேற என்ன கேக்கதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சதக் கேட்டேன்.

"அடுத்து நான் என்ன வாசிக்கட்டும்மா? நீ ஒண்ணு சொல்லு."

அவ ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா. யோசிச்சா. நெசமாவே யோசிச்சா சார், பேருக்கு இல்ல. அப்புறம், "இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா"ன்னு சொன்னா. மெதுவாச் சொன்னா. கைய எடுத்துட்டா. வண்டி கிளம்பிட்டு.

நீங்க பல்லடத்துல ஏறுனீங்கல்ல, அதுக்கு முன்னால நான் போனத்தான் நோண்டிக்கிட்டு இருந்தேன். நான் போட்டதையெல்லாம் அழிச்சிரலாம்னு. மொதல்ல அந்த நவம்பர்ப் பதில அமுக்கினேன். 'எனக்கு மட்டும் அழிக்கவா?'ன்னு கேக்கு. 'எல்லாருக்கும் அழிக்கவா'ன்னு ஒண்ணு வருமே, அது வரல. நாளாயிட்டுன்னா அது வராதாம். நான் அழிச்சா எங்கண்ணுலதான் அது இருக்காது. மத்த நாப்பத்தஞ்சு பேருட்டயும் இருக்கும். அவ போன்லயும் இருக்கும். குரூப்ல இருந்து எடுத்தாலும் பழசு போகாதில்ல. அவ எப்ப வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம், அப்பா இப்படிச் சொன்னாங்கன்னு.

விரலு அதுக்கு மேலயே இருந்துச்சு கொஞ்ச நேரம்.

அழிக்கல சார். அவட்ட இருக்கையில எங்கிட்டயும் இருக்கட்டும்.